ஏழு தடவை எரியாத மரம்

தோரிகோஷி கணவாயின் பதினோராவது வளைவில், முதல் பனியையும், தீப்பிடித்தாற்போல் சிவந்த மரத்தையும், அந்த மரத்தின் உச்சியிலேயே கால் ஊன்றி நின்ற வானவில்லையும் ஒரே சொடுக்கில் படம் பிடித்தவன் நான். அதுவும் தும்மிக்கொண்டே.

சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் அந்தப் பழைய சாலையில் பேருந்து ஓட்டியவன். நான் தூங்கிப்போனாலும் வளைவுகள் தாமாகத் திரும்பிக்கொள்ளும். சுரங்கப்பாதை வந்தபின் அங்கே வண்டிகள் போவதில்லை. இலை சிவக்கும் காலத்தில் கேமராவோடு நடந்து ஏறுகிறவர்கள் இரண்டே பேர்: நானும், எங்கள் புகைப்படச் சங்கத் தலைவர் முரோயும். பதினோராவது வளைவில் நின்றது, கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழம் பிடிக்கும் ஒற்றை நனகமாடோ மரம். ஏழு தடவை அடுப்பில் வைத்தாலும் எரியாது என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள்.

வருடத்தின் சிறந்த படம் ஏறும் ஊர்க் காலண்டரின் அக்டோபர் பக்கம் எங்கள் சங்கத்துக்குச் சிம்மாசனம். ஒன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருந்தவர் முரோய். ஒன்பது வருடமாக எனக்குக் கிடைத்தது, தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாகக் கொடுக்கும் ஒரு கட்டு சோபா நூடுல்ஸ்.

அந்த மாதக் கூட்டத்தில் என் படத்தைத் திரையில் போட்டதும் ஏழு பேரும் வாய் பிளந்தார்கள். ஒகுதா அம்மாவின் பல்செட் நழுவி மடியில் விழுந்தது.

முரோய் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, டிரைவரே. இது எந்த ஊரு மலை?"

"பதினோராவது வளைவு, தலைவரே. தும்மிக்கிட்டே எடுத்தேன்."

"அங்க ஏது மரம்? வெறும் புல்லுதானே!"

"கண்ணுல பூ விழுந்துடுச்சா? முப்பத்தொரு வருஷம் அந்த மரத்தைப் பாத்துத்தான் ஸ்டியரிங்க ஒடிச்சேன்."

"அப்ப எல்லாருமா போய்ப் பாத்துடுவோம். வெளியூர் மலையக் கொண்டாந்து நம்ம மலைன்னு சொன்னா சங்கத்துல இடமில்ல. விதி உமக்கும் தெரியும்."

மறுநாள் மூச்சு வாங்க ஏறினோம். பதினோராவது வளைவில் மரம் இல்லை. புல்லும், புதிதாகக் கொட்டிய சரளைக்கல்லும் மட்டும்.

"பனிக்குப் பயந்து மரம் கீழ இறங்கிப் போயிடுச்சோ? பஸ்ஸு ஏதும் விட்டீரா?" என்றாள் ஒகுதா அம்மா.

மலையே அதிரும்படி சிரித்தார்கள். என் பேருந்துக் கதைகள் ஒன்றையும் நம்பாதவர்கள், இதை மட்டும் எப்படி நம்புவார்கள்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதற்கு இந்தக் கூலி.

சங்கத்தில் இடம் போயிற்று. டிசம்பரில், உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க முரோய் வீட்டுக்குப் போனேன். சுவரில் புதுக் காலண்டர் தொங்கியது. அக்டோபரில் யார் இருக்கிறார் என்று புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் மனைவி சதாயே தேநீர் வைத்தார். இரும்பு அடுப்பு புகைந்து கண்ணைக் கரித்தது.

"ஏங்க, இந்தக் கட்டையத் தூக்கி வெளிய எறியுங்களேன்!" என்று கணவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டார் சதாயே. "அஞ்சு தடவை வச்சாச்சு. கருகுதே தவிர எரிய மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். அடுப்புக்குள் தொடைப் பருமனில் ஒரு கட்டை. பக்கத்து விறகுக் குவியலில், ஒரு கிளையில், சுருங்கிப்போன சிவப்புப் பழக்கொத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்கம்மா. இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு" என்றேன்.

முரோய் கிளறுகோலைக் கீழே வைத்தார். சதாயே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு உமக்குப் பின்னாலயேதான் வந்தேன்" என்றார் முரோய், அடுப்பைப் பார்த்தபடி. "டிரைபாட விரிக்கறதுக்குள்ள வானவில் போயிடுச்சு. இனிமே எனக்கு அது கெடைக்காது. உமக்கும் கெடைக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

"சங்கத்துல வந்து இதைச் சொல்லுவீரா, தலைவரே?"

"மாட்டேன்."

அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது, பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நீர் தும்மினதுகூட நெசந்தான், டிரைவரே. மூணு தடவை. எனக்குக் கேட்டுச்சு."