மூன்றாவது பாட்டின் இருமல்

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருக்க, தம்பி தூசி அவளுடைய கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து எதையோ துழாவிக்கொண்டிருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவனுடைய பின்புறம்தான் தெரிந்தது. நகையைத் தேடுகிறான் என்று மாடிவீட்டுக்காரி முடிவு கட்டினாள். ஐந்தே நிமிடத்தில் கூடம் முழுக்க அந்த முடிவுக்கு வந்துவிட்டது.

அவன் தேடியது ஒரு பழைய இசைத்தட்டை. பன்னிரண்டு மணிக்கு மயான வண்டி வந்துவிடும்.

ஐம்பத்தைந்து வயது ஆளுக்குத் தூசி என்று பெயர் வைத்தவளே அக்காதான். பழைய தட்டுகளை மறுபதிப்பு போடும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டில் படிந்த கீறலையும் கரகரப்பையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டில் யாராவது தொண்டையைச் செருமினால்கூட முகத்தைச் சுளிப்பான்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் அக்கா ஒரே ஒரு இசைத்தட்டில் கோரஸ் பாடியிருந்தாள். எட்டுப் பெண்களில் ஒருத்தி. எட்டுக் குரலும் குழைந்து ஒன்றாகிவிட்டதில் எது இவளுடையது என்று கட்டிய புருஷனுக்கே தெரியாது. ஆனால் மூன்றாவது பாட்டில், கோரஸ் எழுவதற்குச் சற்று முன்னால், சின்னதாக ஓர் இருமல் கேட்கும். அது அக்கா. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிறாளோ இல்லையோ, இருமலைப் போட்டுக் காட்டிவிடுவாள்.

போன மாதம் அதன் மறுபதிப்பு வந்தது. மூல ஒலிநாடா பூஞ்சை பிடித்துப்போனதால், அக்காவின் தட்டையே வாங்கிப்போய்த்தான் தூசி சுத்தம் செய்திருந்தான். சீடி ஒன்று, கனமான புதுத் தட்டு ஒன்று, பொன்னெழுத்துப் பெட்டி, வழவழப்பான புத்தகம். படுக்கையில் கிடந்தவளுக்கு முதல் பெட்டியைக் கொண்டுவந்து சீடியைப் போட்டான். அப்படியொரு சுத்தம், எட்டுப் பெண்களும் மூச்சே விடாமல் பாடுவதுபோல இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது பாட்டு வந்தது, போனது. புத்தகத்தைப் புரட்டினாள். குழுப்படத்தின் ஓரத்தைப் பொன் கரைக்காக வெட்டியிருந்தார்கள்.

"படத்துல என் முழங்கை மட்டும் இருக்கு. பாட்டுல அதுவும் இல்லையேடா."

"கைப்பழக்கம்க்கா. கவனிக்காம எடுத்துட்டேன்."

"நல்லாத்தான் கூட்டிப் பெருக்கியிருக்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பழைய தட்டைக் கொண்டுவந்தான். போட்டுக் காட்டத் துணிவில்லை. அத்தான் கையில் கொடுத்துவிட்டு, வாசலோடு திரும்பிப்போய்விட்டான். அதன்பின் அவன் வந்தது இன்று காலைதான்.

எங்கே வைத்தீர்கள் என்று அத்தானைக் கேட்டுப் பயனில்லை. அவர் விடிந்ததிலிருந்து சமையலறையில், எல்லோருக்கும் இடைஞ்சலாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மாடிவீட்டுக்காரிதான் மெத்தையைப் புரட்டினாள். உதவி என்று அவள் சொல்லிக்கொண்டாள். தலைமாட்டில், துணியில் சுற்றி, தட்டு இருந்தது. அட்டையின் கிழிந்த மூலைகளில் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நகை இல்லை என்றானதும் கூடத்துக்குச் சற்று ஏமாற்றம்தான்.

தூசி யாரிடமும் கேட்கவில்லை. அக்காவின் ரெக்கார்ட் பிளேயரைத் திறந்து தட்டை வைத்தான். ஊசி இறங்கியதும், யாரோ தொலைவிலிருந்து காய்ந்த இலைகள்மேல் நடந்து வருவதுபோல ஒரு சரசரப்பு எழுந்தது. பாடவைப்பதற்கு இதுதான் நேரமா என்று கேட்க வாயெடுத்தவர்கள்கூட அப்படியே இருந்துவிட்டார்கள். ஜன்னல் வெயிலில் தட்டு மெல்ல அலையடித்துச் சுழன்றது. முதல் பாட்டு. இரண்டாவது. வாசலில் வண்டி வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது பாட்டில் வயலின்கள் அடங்கின.

அக்கா இருமினாள்.

கோரஸ் எழுந்து கூடத்தை நிறைத்தபோது, சமையலறையிலிருந்து அத்தான் ஒரு டம்ளர் தண்ணீரோடு விறுவிறுவென்று வந்தார். கதவருகே வந்த பின்தான் நின்றார். மாடிவீட்டுக்காரி நகர்ந்து வழிவிட்டாள்.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. டம்ளரின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.