பூசணிக்கு மொட்டை

மேசைமேல் ஏற்றிய நாய் சும்மாதான் நின்றது. கொண்டுவந்த தம்பிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

“பூசணிக்கு மொட்டை அடிச்சிடுக்கா. வழவழன்னு இருக்கணும்.”

“நாய்க்கா, உனக்கா?”

“விளையாடாதேக்கா. பாப்பா வாயிலேர்ந்து நேத்து என் பொண்டாட்டி ஒரு கொத்து முடி எடுத்தா. ஒண்ணு முடி போகணும், இல்ல நாய் போகணும்னு சொல்லிட்டா.”

அக்காவுக்கு நாய்களுக்கு முடி வெட்டுவதுதான் பிழைப்பு. சுருள்முடி நாய் வந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும். விட்டால் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். குட்டைமுடி நாய்க்கு ரப்பர் பிரஷ் போதும். பூசணிக்கு இரட்டை முடி. மேலே நீளமுடி, அடியில் பஞ்சு. வெயிலையும் குளிரையும் தாங்குவது இரண்டும் சேர்ந்துதான். மழித்தால் திட்டுத்திட்டாக முளைக்கலாம், முளைக்காமலே போகலாம். இப்படிப்பட்ட நாயை மழிக்கச் சொன்னவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அந்த நாய்களுக்கெல்லாம் திரும்பிப் போக வீடு இருந்தது.

பூசணி தம்பியின் கையை நக்கியது. முடியைக் காப்பாற்றி வீட்டைப் பறிகொடுத்தால் அதற்கு என்ன லாபம்? அது கண்ணாடி பார்க்கப் போவதில்லை. அவள் மழிக்கும் மெஷினை எடுத்தாள்.

பஞ்சு அடைத்திருந்தால் கத்தி ஓடாது. அதனால் முதலில் காற்றடித்தாள். அறையெங்கும் பஞ்சு பறந்தது. தம்பி தும்மினான்.

“உள்ளே இன்னொரு நாய் இருக்கும் போலிருக்கே.”

காதுக்குப் பின்னால் பஞ்சு விலகியதும் அவள் கை நின்றது. தோல் சிவந்து கசிந்திருந்தது. லேசாக வாடை.

“எப்பெப்போ குளிப்பாட்டுறே?”

“தினமும். முடி கொட்டக் கூடாதுன்னுதான்.”

“காய வைப்பியா?”

“துண்டால துவட்டுவேன். தொட்டுப் பார்த்தா காஞ்சுதான் இருக்கும்.”

காய்ந்தது மேல்முடி. அடிப்பஞ்சு ஈரமாகவே கிடந்திருக்கிறது. தம்பி புண்ணைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

முடி கொட்டக் கூடாதென்று செய்ததுதான் இந்தப் புண்; இனி மொட்டையும் அடித்து ஏமாற்ற அக்காவுக்கு மனமில்லை. புண்ணைச் சுற்றி மட்டும் மழித்து, அந்தப் பக்கத்தைச் சீப்பால் வாரிவிட்டாள். தம்பியின் போனை வாங்கி அவன் மனைவியை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள்.

“முடிஞ்சுதா அண்ணி?”

“இல்லம்மா. மழிச்சாலும் கொட்டத்தான் செய்யும். குட்டை குட்டையா, ஊசி மாதிரி. தினம் வாரினா குறையும். அடியோட நிக்காது.”

நிக்கும்னு சொல்லேன் என்று தம்பி கண்ணால் கெஞ்சினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அப்போ அதை எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்?”

“காதுக்குப் பின்னாடி புண்ணு. குளிப்பாட்டின ஈரம் அடியிலேயே தங்கிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டணும்.”

எதிர்முனையில் குழந்தை சிணுங்கியது.

“தொட்டில் கால்ல தலையைத் தேய்ச்சுக்கிட்டே நிக்கும்,” என்றாள் தம்பியின் மனைவி. “முடி உதிர்க்கத்தான் வருதுன்னு துடைப்பத்தால விரட்டினேன்.”

“எரிஞ்சிருக்கும்மா.”

“சரி, கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாப்பா ரூமுக்குள்ளே வரக் கூடாது. தினமும் பால்கனியில வச்சு அவர்தான் வாரணும். ஒரு நாள் டிமிக்கி குடுத்தாலும் ரெண்டு பேரும் வெளியே.”

தம்பிக்கு மூச்சு வந்தது. கயிற்றை எடுத்தான்.

“எங்கே கிளம்பிட்டே?” அக்கா சீப்பை நீட்டினாள். “இன்னொரு பக்கம் வாராம அப்படியே இருக்கு.”