பிரேக் மாஸ்டரின் வாய்

கணவர் சமையலைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டால் எந்தப் பெண்டாட்டியும் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். பிரேக் மாஸ்டரின் பெண்டாட்டியோ பயந்துபோனாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கைக்குக் கீழும் ஒரு பிரேக் வைத்த வண்டி அவருடையது. அந்த பிரேக்கை மிதிப்பதும், மிதித்த சூட்டோடு ஓட்டுகிறவரின் மூக்கை அறுப்பதும்தான் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். பிரேக் மாஸ்டர் என்றே பெயர். வீட்டிலும் வாய் ஓயாது. துணி காயப்போட்ட விதம், கதவைச் சாத்திய சத்தம், மருமகன் நடக்கும் நடை, எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்தார். மறுநாளும் படுத்தார். அவள் உப்புப் போட மறந்த சாப்பாட்டை "நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டார். அன்றைக்கே அவள் டாக்டரைத் தேடிக் கிளம்பிவிட்டாள். மாத்திரைகள் மாறி மாறி வந்தன. வாய் மட்டும் வரவில்லை.

கடைசியாகப் பார்த்த மனநல டாக்டர் அவருடைய மூளையைப் படமெடுத்து, நெற்றிக்கு மேலே இடப்பக்கம் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது மனச்சோர்வு. இந்தப் பகுதி கொஞ்சம் தூங்குதும்மா. வெளியிலேருந்தே காந்தத்தால தட்டி எழுப்பிப் பார்க்கலாம். கத்தி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு வாரம் பார்ப்போம்."

மாஸ்டர் தன் மூளையை உற்றுப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு," என்றார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் போட்டோவையே நல்லா வரவில்லை என்று சொன்னவர் அவர்.

சிகிச்சை தொடங்கியது. பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு சாய்வு நாற்காலி. கருவியை இயக்கும் பெண் அவர் காதுகளை அடைத்து, தலையில் காந்தத்தை வைத்து, முதலில் கட்டைவிரல் எப்போது துடிக்கிறது என்று பார்த்தாள். எவ்வளவு விசை போதும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். பிறகு காந்தத்தை நகர்த்தி உரிய இடத்தில் வைத்ததும் டக்டக்டக்கென்று ஒரே சத்தம். யாரோ அவர் மண்டைக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறதா என்று பார்த்து, மறுபடி தட்டுவது மாதிரி இருந்தது.

"எப்படி சார் இருக்கு?"

"நல்லாருக்கும்மா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். அந்தப் பெண் பூரித்துப்போய் டாக்டரிடம் சொல்ல, அவர் மாஸ்டரின் மனைவியை அழைத்து நல்ல முன்னேற்றம் என்றார்.

"அந்த 'நல்லாருக்கு'தான் டாக்டர் வியாதியே," என்றாள் அவள். "குணமாயிருந்தா உங்க நாற்காலி கோணலா இருக்குன்னு சொல்லியிருப்பாரு."

டாக்டர் குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வர வீட்டுக் காரை அவள்தான் ஓட்டினாள். அவரிடமே கற்றவள்தான். ஆனால் அவர் வாய்க்குப் பயந்து, அவர் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. இப்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அங்கே காந்தம் தட்டட்டும், இங்கே நான் தட்டுகிறேன் என்று முடிவு கட்டினாள். இண்டிகேட்டர் போடாமல் திரும்பினாள். மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பி இருமவைத்தாள். இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒற்றைக் காரைக் குறுக்கே நிறுத்தினாள். ரோட்டில் போனவர்கள் எல்லாம் திட்டினார்கள். திட்ட வேண்டியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வாரம் மகள் போனில் கேட்டாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"என்னைப் பாராட்டுறாருடி."

"ஐயையோ," என்றாள் மகள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் திரும்பி வரும்போது அவளுக்குத் தப்பு செய்யவும் தெம்பில்லை. இனி இவர் இப்படித்தானோ என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காகவே ஓட்டினாள். அப்போது பக்கத்தில் தொம்மென்று ஒரு சத்தம். மாஸ்டரின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்திருந்தது.

"கிளட்ச் மேலயே ஏன் கால வச்சுக்கிட்டு ஓட்டுற? தேஞ்சு போயிடாது? படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்ல?"

அவள் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள்.

"அழறதுன்னா நியூட்ரல்ல போட்டுட்டு அழு," என்றார் மாஸ்டர்.

அவள் நியூட்ரலில் போட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்துக் கேட்டாள். "இத்தனை நாளா ஏங்க ஒண்ணும் சொல்லல?"

"எல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இண்டிகேட்டர், மூணாவது கியரு, எல்லாம். வாய் வரைக்கும் வரும். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு உள்ளயே போயிடும்." அவர் குரல் இறங்கியது. "உன்னைத் திட்டக்கூடத் தோணலையேன்னு பயமா இருந்துச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணும்னே செஞ்சது. உங்க வாயைக் கிளறத்தான்."

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நேத்து ரிவர்ஸ்ல ஆஸ்பத்திரித் தூணை இடிச்சது?"

அதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நேற்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். முதல் கியரைப் போட்டாள். இண்டிகேட்டரையும் போட்டாள்.

"கண்ணாடியப் பாரு," என்றார் மாஸ்டர்.