நாலாம் கூண்டின் ஒன்பது குட்டிகள்

நாலாம் கூண்டில் இருக்கும் முள்ளம்பன்றிகள் இரண்டும் ஆண். பெண் போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. பின்வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தவன் நான். அதற்குப் பிறகு அந்தக் கூண்டில் ஒன்பது குட்டிகள் பிறந்ததாகப் பண்ணையின் பதிவேடு சொல்கிறது. ஒன்பதுக்கும் நேரில் பார்த்த சாட்சி நான்தானாம். ஒன்பது இடத்திலும் என் கட்டைவிரல்.

மேற்பார்வை பார்க்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், விரித்துக் காட்டும் பக்கத்தில் விரலை ஒற்றிவிட்டு, மையைத் துடைத்துக்கொண்டு தீவனம் போடப் போய்விடுவேன். இந்த வருடம்தான் மகளிடம் எழுத்துக் கூட்டப் பழகினேன். இன்று உரிமம் புதுப்பிக்க அதிகாரி வருகிறார் என்று மேசையைத் துடைக்கச் சொன்னார்கள். பதிவேடு திறந்து கிடந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

பண்ணையில் பிறந்ததை வளர்க்கலாம், விற்கலாம். காட்டில் பிடித்ததைத் தொடக்கூடாது. உரிமம் அவ்வளவுதான். சாக்கில் வந்து இறங்கிய ஒன்பதையும், "வேற பண்ணைலேர்ந்து வாங்கினது" என்று மச்சான் சொன்னான். நம்பினேன். அதில் ஒன்றுக்கு முன்கால் இல்லை. கண்ணிக் கம்பி அறுத்த கால். மருந்து போட்டவனும் நான்.

"ஏன் மச்சான், ரெண்டு ஆம்பளையும் சேந்து ஒம்போது குட்டி போட்டுச்சா?"

"மெதுவா பேசு மாப்ள. நாலு எழுத்து தெரிஞ்சதும் நாக்கு நீண்டுடுச்சு. இந்த வேலைய யாரு வாங்கிக் குடுத்தா?"

"நீதான். என் விரலையும் நீதான் வாங்கிட்டே."

அதிகாரி கூண்டுப் பக்கமே போகவில்லை. மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"பிறப்ப நேர்ல பாத்தது யாரு?"

"இவன்தான் சார். பெத்த பிள்ளை மாதிரி பாத்துப்பான்," என்று முதலாளி பல்லைக் காட்டினார்.

மச்சான் மைப்பெட்டியை நீட்டினான். நான் பேனாவை எடுத்தேன்.

"அட, கையெழுத்தே போடுவீங்களா!" அதிகாரி சிரித்தார்.

எழுதி முடிக்க நேரமானது. 'நாலாம் கூண்டில் தாய் இல்லை. மழைக்காலத்தில் செத்தது. நான் புதைத்தேன். ஒன்பதும் சாக்கில் வந்தவை.'

எட்டிப் பார்த்த முதலாளி பக்கத்தைக் கிழிக்கப் பாய்ந்தார்.

"கிழிக்காதீங்க!" அதிகாரியின் கை தானாகப் பக்கத்தின் மேல் விழுந்தது. "பக்க எண் போட்டு எங்க முத்திரை வெச்ச புத்தகம். ஒரு தாள் கொறஞ்சா உரிமமே கெடையாது."

சொன்ன பிறகுதான் நான் எழுதியதைப் படித்தார். முகம் செத்துப்போயிற்று. வேண்டாவெறுப்பாக எழுந்தார்.

"கூண்டு எந்தப் பக்கம்?"

மச்சான் என் காதருகே பல்லைக் கடித்தான். "இன்னிக்கே பண்ணை வீட்டக் காலி பண்ணிடு. என் தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"எழுதினத அவகிட்ட நானே படிச்சுச் சொல்றேன். மொதல்ல அந்த மண்வெட்டியக் குடு. பொதைச்ச எடத்தத் தோண்டிக் காட்டணும்."