வெளியே பூட்டிய வீடு

பாக்கியவதிக்கு விஷயம் தெரிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனி வாசலில் இருக்கும் தகரப் பெட்டியிலிருந்து தன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். மகள் ஜெஸ்லினிடமிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு வந்து கிடந்தது. வெடிமருந்து அறைக்குள் போனும் ஆகாது, இரும்பும் ஆகாது. ஒரு பொறி போதும், கட்டடமே போய்விடும். அதனால் காலையில் உள்ளே நுழையும்போதே எல்லாரும் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுச் சாவியைப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். எம். புதுப்பட்டியில் அவள் குடியிருக்கும் தெருவின் சாவியெல்லாம் பகல் முழுக்க அந்தச் சுவரில்தான் தொங்கும்.

போன் போட்டாள்.

"கதவ ஒடச்சுட்டாங்கம்மா."

"ஏட்டி, நீ?"

"நான் உள்ளதான இருந்தேன். என்னையத்தான் வச்சுப் பூட்டிட்டுப் போனீயே."

கம்பெனி வேனில் ஏறினாள். பக்கத்தில் இருந்த பொன்மணி, "என்னக்கா போச்சு? நகை கிகை?" என்றாள். ஒன்றும் போகவில்லையாம் என்று சொன்னதும், "நல்ல வேளை" என்று வேனில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு எரிந்தது. என்ன நல்ல வேளை? பிள்ளை உள்ளே கிடந்திருக்கிறது. இவர்களுக்கு நகை போகாதது நல்ல வேளை!

ஜெஸ்லினுக்குச் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ராத்திரி டூட்டிதான் போடுவார்கள். விடியக்காலம் வந்து குளித்து, இரண்டு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வேன் வந்து ஹாரன் அடித்ததும் பாக்கியவதி கதவைச் சாத்தி, வெளியே கொண்டியைப் போட்டுப் பூட்டிவிட்டு ஓடுவாள். வயசுப் பிள்ளை ஒற்றையில் தூங்குகிறாள் என்று ஊருக்குத் தெரியக் கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? புருஷன் செத்த பிறகு தன் புத்தியில் உதித்த நல்ல யோசனை என்றே அதை நினைத்திருந்தாள்.

வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்தாள். பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பூட்டினது பூட்டினபடி, கொண்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. கடப்பாரையை விட்டு நெம்பியதில் நிலைச் சட்டமே ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து வந்திருந்தது. கொண்டியை இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்குரூ ஆணியைக் கையில் எடுத்தாள். நிலக்கடலைப் பருப்பு நீளம்கூட இல்லை. இந்த ஆணியை நம்பித்தான் பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜெஸ்லின் கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"சத்தம் கேட்டு முழிச்சேன். நீதான் பாதியில வந்துட்டயோன்னு 'அம்மாவா'ன்னு கேட்டேன். சத்தம் நின்னு போச்சு. பெறகு மறுபடியும் நெம்புறான். உள்ள ஒரு பொம்பளப் பிள்ள இருக்குன்னு தெரிஞ்ச பெறகும் நெம்புறாம்மா."

பாக்கியவதி பிளந்து கிடந்த நிலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டிலத் தள்ளி, சுவத்துல காலக் குடுத்து முட்டிக்கிட்டுக் கிடந்தேன். கத்துனேன். தெருவுல ஒரு நாதி இல்ல, எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. தண்ணி லாரி வந்து ஹாரன் அடிச்சான், அதக் கேட்டுத்தான் ஓடினான்."

"தாழ்ப்பாளப் போட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானட்டி!"

"எந்தத் தாழ்ப்பாள?" என்று எழுந்து வந்து, நிலையில் தேய்ந்து கிடந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டினாள். "இதுல தாழ்ப்பாள் எங்க நிக்குது? அந்த வீட்டுக்காரர்ட்ட எத்தன தடவ சொல்லியிருப்போம்? அது கெடக்கட்டும். நீ பூட்டிட்டுப் போனதுனாலதாம்மா அவன் வந்தான். பூட்டு தொங்குனா வீட்டுல ஆளில்லன்னு அர்த்தம். வா வான்னு கூப்புட்ட மாதிரிதான? அவன் உள்ள வந்திருந்தா நான் எங்கிட்டு ஓட? சாவி உன் கம்பெனிச் சுவத்துல தொங்குது!"

பாக்கியவதி கையிலிருந்த ஸ்குரூ ஆணியை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கு டூட்டி முடிஞ்சு வருவேன். இந்தக் கதவு இப்படியே இருந்துச்சுன்னா இந்த வீட்டுல கண்ண மூட மாட்டேன். வேலைய விட்டாலும் விடுவேன்" என்று சொல்லிவிட்டு ஜெஸ்லின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலய்யா."

"பூட்டும் ஒடையல, பொருளும் போகல. என்னன்னு எழுத?"

"எம்மக தூக்கம் போச்சுன்னு எழுதுங்க!" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு வீட்டுக்காரர் சீனிவாசகம் காரில் வந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற முதலாளி. வருஷா வருஷம் குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு காலண்டர் கொடுப்பார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போவார். நிலையைத் தடவித் தடவிப் பார்த்தார், அடிபட்ட மாட்டைத் தடவுகிற மாதிரி.

"எங்கய்யா காலத்து நிலை பாக்கியம் இது. இப்படி ஆக்கி வச்சிருக்கீகளே."

"நாங்களா ஆக்குனோம்? பிள்ள உள்ள இருந்திருக்கு மொதலாளி."

"அதச் சொல்லு. வயசுப் பிள்ளைய எதுக்கு ஒத்தையில போடுறீக? சரி, விடு. ஒங்களுக்குன்னே வாங்கியாந்தேன்" என்று பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். பித்தளைப் பூட்டு, தேங்காய் மூடி அகலம். "யானை வந்தாலும் ஒடைக்காது."

"யானை எதுக்குப் பூட்ட ஒடைக்கப் போவுது? கொண்டியப் பேத்துக்கிட்டுப் போயிரும். எனக்குப் பூட்டு வேணாம். கதவத் தொளச்சு, அந்தப் பக்கம் வரைக்கும் போல்ட்டு விட்டு முடுக்கணும். உள்ள குறுக்க ஒரு இரும்புப் பட்டை போடணும். நிலைக்கும் பட்டை அடிக்கணும்."

"தொளைக்கவா? தேக்குக் கதவயா?" அவர் முகம் மாறிவிட்டது. "கதவுல கைய வச்சீகன்னா அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிக்கிறணும். பூட்டு உங்களுது, எப்படி வேணும்னாலும் போட்டுக்கோங்க. கதவு என்னுது."

"அப்ப கதவுக்கு அங்கிட்டு இருக்கிற பிள்ள யாருது மொதலாளி?"

பூட்டை அவரே காருக்குள் எறிந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. பாக்கியவதி வாசலில் நின்றபடியே, "வரல" என்றாள். டிரைவர் தலையை நீட்டினான். "ஏக்கா, சீசன் நேரம். போர்மேன் கத்துவாரு."

"கத்தட்டும்ல. நானும் கத்துறதுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வேன் தெருவையே அள்ளிக்கொண்டு போனது. வரிசையாக அத்தனை வீட்டிலும் பூட்டு. அன்றைக்குத்தான் அதை ஒரு திருடன் கண்ணால் பார்த்தாள். யார் வீட்டில் ஆளில்லை என்று தெருவே எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ரத்தினசாமி ஆசாரி துளைபோடும் மிஷினோடு வந்து, கதவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மொதலாளி கேட்டா என்னத்தச் சொல்ல?"

"பாக்கியம் கழுத்துல அருவாள வச்சா, தொளைச்சேன்னு சொல்லுங்க."

"அருவா எங்க?"

"எடுத்துட்டு வரணுமா?"

ஆசாரி சிரித்துக்கொண்டே மிஷினை ஓட்டினார். தூள் பறந்தது. மேலே கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது, உள்ளே போகப் போக வெளுத்த மரம். ஆசாரி தூளைக் கிள்ளி மோந்து பார்த்தார். "தேக்கா இது? வேப்ப மரத்துக்குச் சாயம் அடிச்சு வச்சிருக்காக."

பாக்கியவதி தரையில் துப்பினாள். பிளந்த நிலைக்கு மேலிருந்து கீழ் வரை இரும்புப் பட்டை வைத்து, போல்ட்டை அந்தப் பக்கம் வரை விட்டு நட்டு முடுக்கினார் ஆசாரி. உள்பக்கம் சுவருக்குச் சுவர் ஒரு குறுக்குப் பட்டையும், அதைத் தாங்க இரண்டு கொக்கியும். வெளிக் கொண்டியைத் திரும்பப் போடவா என்று கேட்டார். "வேணாம். இனி வெளிய ஒண்ணும் வேணாம். உள்ள இருக்கிறவ பூட்டிக்கிடட்டும்" என்றாள்.

அன்றைக்குப் பஸ் பிந்தி, அந்நேரம்தான் ஜெஸ்லின் வந்தாள். ஒன்றும் பேசாமல் கதவைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாத்திப் பட்டையைப் போட்டாள். பாக்கியவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு எட்டு பின்னால் போய், ஓடி வந்து தோளால் இடித்தாள். மறுபடியும் மறுபடியும் இடித்தாள். திருடனை நினைத்து ஒன்று, போலீஸ்காரரின் சிரிப்பை நினைத்து ஒன்று, தன் புத்தியை நினைத்து ஒன்று. தோள்பட்டை வீங்கிப் போனது. கதவு அசையவில்லை.

"போதும்மா" என்றாள் ஜெஸ்லின் உள்ளேயிருந்து. "படுக்கப் போறேன்."

ஆசாரி சாமானைக் கட்டிக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. யாரோ சொல்லிவிட்டார்கள் போல. சீனிவாசகம் இறங்கி வந்த வேகத்தில் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "தொற! என் வீட்ட எனக்கே சாத்துறீகளா? தொறட்டி!"

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாக்கியவதி காதைக் கதவோடு வைத்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. உறக்கம்தான்.

அவர் மறுபடியும் கையை ஓங்கினார். அந்தக் கைக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். நேற்றிலிருந்து தொண்டையில் வந்து நின்ற வசவு அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சத்தம் போட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே கிசுகிசுத்தாள்.

"வீட்டக் காலி பண்ணித் தாரேன். சாயங்காலம் வந்து எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, நானும் பேசுறேன். இப்பக் கதவுல கை பட்டுச்சு, மொதலாளின்னும் பாக்க மாட்டேன். பிள்ள தூங்குது."