ஒரு விரற்கடைச் சாய்வு

கடலில் காணாமல் போன தன் மகனின் எடைக்கு ஹில்டா அடித்துப் பேசி வாங்கிய தள்ளுபடி நாற்பதாயிரம் ரூபாய். எடை அறுபத்து மூன்று கிலோ, ஆக கிலோவுக்கு அறுநூற்று முப்பத்தைந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. அன்றைக்கு ஏலக்கூடத்தில் சீலா மீன் அதைவிட எழுபது ரூபாய் கூடப் போயிற்று.

பீச் ரோட்டில் பழைய துறைமுகத்துக்கு எதிரே ஹில்டா கடை. உடைத்த கப்பலின் கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் என்று எல்லாமே இரண்டாம் கை. புதுச் சாமான் விற்கிறவனுக்கு வாய் வேண்டாம், விலைப்பட்டியல் போதும் என்பது அவள் கட்சி. மகன் மெல்வின் 2019 அக்டோபரில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணியில் போனான். தோணி மினிக்காய்க்குத் தெற்கே மூழ்கியது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். மெல்வின் சேரவில்லை, அவன் உடலும் சேரவில்லை. மகன் இறந்துவிட்டான் என்று தாயும் கையெழுத்துப் போட்டால் இழப்பீடு வரும் என்று அவன் மனைவி விஜிலா காகிதத்தை நீட்டினாள். சர்ச் சாமியாரும் அடக்கப் பூசைக்குத் தேதி கேட்டு ஆளனுப்பினார். ஹில்டா இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"ஏளா விஜிலா, சரக்கு வந்து சேராம ரசீதுல கையெழுத்துப் போடுத பழக்கம் நம்ம கடையில கிடையாது."

காகிதம் பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. மூன்று வருடம் அங்கேயே கிடந்தது. விஜிலா ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். விதவையா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைப்பதும் அழிப்பதுமாக அவளுக்கு நாள் போனது.

2022இல் சுந்தரராஜ் என்கிற மதுரை டாக்டர் வந்தார். ஓய்வு பெற்றவர். பாய்மரப் படகு ஒன்று வாங்கி ஊர் ஊராகப் போக வேண்டும், பந்தயத்திலும் விட வேண்டும், அதிலேயே குடியிருக்கவும் வேண்டும் என்றார். ஒரே பெண் டாக்டராகவும் சமையல்காரியாகவும் ஓட்டப்பந்தய வீராங்கனையாகவும் வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைப்போல இருந்தது ஹில்டாவுக்கு. ஆனாலும் இரண்டு சதவீதம் கமிஷன் பேசிக்கொண்டு, துறைமுகத்தில் விலைக்கு நின்ற இரண்டு படகுகளையும் பார்த்து அறிக்கை தர ஒப்புக்கொண்டாள். இரண்டுக்கும் புரோக்கர் பாண்டித்துரைதான்.

விஸ்பர் பந்தயப் படகு. கொழும்புக்கு ஒரு பகலும் கொஞ்சமும் போதும். பாய்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி விறைப்பு. உள்ளே ஆள் இருக்கலாம், நிமிரக் கூடாது. சோறு பொங்க இடமில்லை. நோரா இரும்புப் படகு, அகலமானது. கொழும்புக்கு இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். ஆனால் இரண்டு பக்கமும் கட்டில், நடுவில் மேசை, அடுப்பு, முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதன் சொந்தக்காரர் ஒரு வயசான ஹாலந்துக்காரர். கொரோனா சமயத்தில் விமானத்தில் ஊருக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட, மகள் ஒன்பது லட்சத்துக்கு விற்கச் சொல்லியிருந்தாள். ஹில்டா அந்தப் படகைத் தாண்டித்தான் தினமும் டீக்குப் போவாள். மூன்று வருடம் போனாள்.

நோராவின் மேசையில் ஹில்டா ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது உருண்டு வலப்பக்கக் கட்டிலில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் படகு வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. அடியில் தண்ணீர் இல்லை, துரு இல்லை. வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று பாண்டித்துரை சொன்னதுதான் தாமதம், ஹில்டா பிடித்துக்கொண்டாள். கோணல் படகு, ஊனப் படகு, டாக்டர் படுத்தால் உருண்டு விழுவார் என்று ஒரு மணி நேரம் பேசி நாற்பதாயிரம் குறைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பாண்டித்துரை கையோடு ஹாலந்துக்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினார்.

மறுநாள் காலை, சாய்வை நேராக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்க்கக் கடையிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுபோய் இடப்பக்கக் கட்டிலில் அடுக்கினாள். இருபது வைத்தாள், நாற்பது, அறுபது. பழம் உருண்டது. இரண்டு கிலோ வைத்தாள், மெதுவாக உருண்டது. ஒரு கிலோ வைத்தாள், நின்றது. கற்களை இறக்கி, திரும்ப ஏற்றி, மூன்று தரம் பார்த்தாள். கப்பல் வேலைக்கு மெல்வினுக்கு மருத்துவச் சான்று எடுத்தபோது பணம் கட்டியவள் அவள்தான். அதில் எழுதியிருந்த எடை அவளுக்கு மனப்பாடம்.

படகின் பயணக் குறிப்பேட்டை எடுத்து வாசித்துக் காட்டச் சொன்னாள். இங்கிலீஷில் இருந்ததைப் பாண்டித்துரை எழுத்துக் கூட்டித் தமிழில் சொன்னார்: 2019 அக்டோபர் பன்னிரண்டு, சாயங்காலம், மினிக்காய்க்குத் தெற்கே, காற்று இல்லை, அலை இல்லை. யாரோ ஏறியதுபோலப் படகு வலப்பக்கம் தாழ்ந்தது. தேடிப் பார்த்தேன், யாரும் இல்லை. பக்கத்துத் துறைமுகத்துக்குத் திரும்புகிறேன்.

தோணி மூழ்கியதும் பன்னிரண்டாம் தேதிதான். ஹில்டா வலப்பக்கக் கட்டிலின் மெத்தையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் வெயிலில் பூட்டிக் கிடந்த படகு.

பாண்டித்துரைக்கு விஷயம் பிடிபடவில்லை. கல் வைத்தால் படகு நேராகிறது என்பது மட்டும் பிடிபட்டது. "அப்ப சாய்வு ஒரு குறையே இல்லியேக்கா," என்றார், பாதி விளையாட்டாக. "கழிச்சதத் திருப்பித் தாரியளா?"

"தாரேன்."

முப்பது வருட வியாபாரத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. பயந்துபோய் வெளியே வந்து நின்றுகொண்டார்.

டாக்டருக்கு விஸ்பரை வாங்கச் சொல்லி அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அவர் அதைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் விட்டு வருடாவருடம் கடைசியாக வந்து சந்தோஷமாக இருக்கிறார். நோராவை நகை, சீட்டு எல்லாம் போட்டு ஹில்டாவே வாங்கினாள். நாற்பதாயிரத்தை ஹாலந்துக்காரி வாங்க மறுத்துவிட்டாள், முடிந்த விலை முடிந்ததுதான் என்று. பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஹில்டா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வெறும் பெட்டியை வைத்துப் பூசை நடந்தது. வீட்டை விஜிலாவுக்கு விட்டுவிட்டுப் படகுக்குக் குடிபோனாள்.

விஜிலா ஒரே ஒரு தரம் படகுக்கு வந்தாள். வலப்பக்க மெத்தையில் ஆள் படுத்த மாதிரி விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள். "அவிய இப்பவும் வலப்பக்கந்தான் படுக்காவ, மாமி," என்றாள். அடுத்த வருடம் சாயர்புரத்து வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஹில்டா போய் ஒரு மோதிரம் போட்டுவிட்டு, பந்திக்கு உட்காராமல் வந்தாள்.

படகைப் பரிசோதிக்க வந்த அதிகாரி தன் படிவத்தில் எழுதினார்: வலப்பக்கம் நிரந்தரச் சுமை, 63 கிலோ, இறக்கத் தக்கதல்ல. முத்திரையும் வைத்தார்.

குடிபோனபோது ஹில்டா எழுபத்தொரு கிலோ. அவள் இடப்பக்கக் கட்டிலில் படுத்தால் படகு அவள் பக்கம் சாய்ந்தது. ஒருத்திக்காக உலை வைக்க மனமில்லாமல் பல நாள் டீயோடு சரி. இரண்டாம் வருடம் அறுபத்து மூன்றுக்கு வந்தாள். அன்று படகு மட்டம் வைத்ததுபோல நின்றது, அவள் விடியும்வரை அசையாமல் படுத்திருந்தாள். பிறகும் இளைத்தாள். சாய்வு திரும்பியது. கட்டிலுக்கடியில் அரிசிப் பையை வைத்து ஈடு கட்டினாள். மாதம் ஒரு தரம் ஏலக்கூடத் தராசில் ஏறி இறங்கி, அரிசியைக் கூட்டிக் கணக்கு எழுதுகிறாள். இந்த மாதக் கணக்கு:

வலது: மெல்வின் 63.
இடது: ஹில்டா 56, அரிசி 7.
வித்தியாசம் இல்லை.
மெல்வினுக்குத் தர வேண்டியது: ரூ. 40,000.