என் கேட் பாஸில் போன அண்ணன்

என் அண்ணன் விஜயபாஸ்கருக்குப் பழைய அமெரிக்கக் கேங்ஸ்டர் படங்கள் என்றால் உயிர். முன்பெல்லாம் அவனை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இனிமேல் வாய் வராது.

துபாய்க்குப் பக்கத்துப் புஜைராவில் எங்கள் கேம்ப் ரூமில் வெள்ளிக்கிழமை தவறாமல் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து, தொப்பி போட்ட ஆட்கள் ஒருவரையொருவர் சுடுவதைப் போட்டுக் காட்டுவான். என்னையும் சேர்த்துப் பார்க்கிற ஏழு பேரும் சொந்தக்காரர்கள். ஏழு பேருக்கும் விசா எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். “பாத்தீங்களாடா, கெட்டவனுங்கதான். ஆனா குடும்பத்த விட்டுக்குடுக்க மாட்டானுங்க” என்பான். அதே படங்களில் கூடப்பிறந்தவனையே தீர்த்துக்கட்டுகிறவனும் வருவான். அந்த இடம் வந்தால் மட்டும் ஓட்டிவிடுவான். மடையன் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நாங்கள் வேலை பார்ப்பது எண்ணெய் டேங்க்குகள் நிற்கிற யார்டு. அவன் ஃபோர்மேன், நான் ஹெல்பர். ஓவர்டைம் வந்தால் ஒருவன் கேட் பாஸில் இன்னொருவன் உள்ளே போவது எங்கள் கேம்பில் சகஜம். காய்ச்சல், மூட்டுவலி என்று எவனாவது படுத்திருப்பான், அவனுக்காகச் சித்தப்பா மகனோ மச்சானோ போய்விட்டு வருவான். செக்யூரிட்டி முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் அண்ணனுக்கும் மூக்கும் மீசையும் வேறு ஒன்றுபோலவே இருக்கும். நான்கு மாதமாகச் சனிக்கிழமைகளில், “நீ தூங்குடா தம்பி, ஒன் ஓவர்டைம நான் பாத்துக்கறேன்” என்று என் பாஸை வாங்கிக்கொண்டு போனான். அடடா, எப்பேர்ப்பட்ட அண்ணன் என்று நானும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை திருட்டு டீசலோடு ஒரு டேங்கர் லாரி பிடிபட்டது. புதன்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தேன். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கினான். நான் தூங்கிய சனிக்கிழமைகளில்தான் டீசல் போயிருக்கிறது. கூட்டத்துக்குத் தலைவன் அவன், எடுபிடிகள் மற்ற ஆறு பேர். ஒன்றும் தெரியாதவன் நான் மட்டும்தான். ஆனால் கேட் கம்ப்யூட்டரில் விழுந்திருப்பது என் பெயர்.

“யோவ், நான் என்னய்யா பண்ணேன்?” என்று கத்தினேன். அவன் ஊருக்கு வீடியோ கால் போட்டான். அம்மா கருப்பாயி, அண்ணி உமாராணி, மடியில் இரண்டு பிள்ளைகள், பின்னால் மாமா. கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்தமாதிரி வரிசையாக இருந்தார்கள்.

“இவுகளுக்கு ஒண்ணுன்னா நாங்க எங்க தம்பி போவோம்?” என்று அண்ணி அழுதாள்.

“அன்பு, நீ ஒத்தக்கட்டைடா ராசா. பழிய நீ ஏத்துக்க. ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்” என்றாள் அம்மா.

எனக்கு ஆவணியில் கல்யாணம். பானுப்பிரியாவுக்குச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அழுகையை நம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் அவனே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே அதிகாரியின் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் முரளிதரன், கோயம்புத்தூர்க்காரர்.

“சார், அந்தத் தப்பு நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

முரளிதரன் ஃபைலைப் புரட்டினார். “அதான் உங்க அண்ணன் நேத்துக் காலைலயே எழுதிக் குடுத்துட்டாருங்களே. தம்பிதான் பண்ணான், பல தடவ சொல்லியும் கேக்கலை, நாளைக்கு நானே கூட்டிட்டு வர்றேன்னு.”

“நேத்துக் காலைலயா?”

“ஒம்பதரைக்குங்க. கையெழுத்து இருக்குது பாருங்க.”

வீடியோ கால் போட்டது சாயங்காலம். காலையிலேயே என்னை விற்றுவிட்டுத்தான் சாயங்காலம் என் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான், பாவி. ஒரே ஒரு போன் பேச வேண்டும் என்று கெஞ்சினேன். அதிகாரி தலையசைத்தார்.

“அம்மா, அண்ணன் நேத்துக் காலைலயே என் பேர எழுதிக் குடுத்துட்டானாம்மா. ஒனக்குத் தெரியுமா?”

அம்மா மெதுவாகச் சொன்னாள்: “செவ்வாக்கெழமையே எல்லாரும் சேந்து பேசித்தான்டா முடிவு பண்ணோம். ஒங்கிட்டச் சொன்னா நீ முரண்டு புடிப்பேன்னு...”

என்னைக் கேட்டதே வெறும் நாடகம். பெற்றவள் அதில் வசனம் பேசியிருக்கிறாள். போனை மேஜைமேல் வைத்தேன். “அன்பு, அன்பு” என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“எழுதிக்குங்க சார்” என்றேன். “சனிக்கெழம என் பாஸ்ல உள்ள போனது நான் இல்ல.”

முரளிதரன் பேனாவை எடுத்தார். “போனவர் பேருங்க?”

“விஜயபாஸ்கர்.”

“அப்பா பேரு?”

“நாகலிங்கம்.”

எழுதிவிட்டு நிமிர்ந்தார். “சரிங்க, ஃபாரத்துக்காக உங்க அப்பா பேரயும் நீங்களே சொல்லோணுங்க.”

அவர் எழுதியிருந்த அதே பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன்.